பாறைக்குப் பொன்னாடை போர்த்தியவர்

சஹ்யாத்ரி மலைத்தொடருக்குப் பொன்னாடை போர்த்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மலை அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டதா என்பது வேறு விஷயம். பொன்னாடை பல நாட்கள் அங்கேயே கிடந்தது. யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஆகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றே அவர் இன்றுவரை கருதிவருகிறார்.

அவருடைய இயற்பெயரை நான் சொல்லப்போவதில்லை. குடிநோய்ச் சிகிச்சை மையம் ஒன்றில் ஆலோசகராக வேலை பார்ப்பவன் அங்கே தங்கிப்போனவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. பெயரில்லாமல் எழுதுவதற்கும் அவரிடமே அனுமதி கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார். கையோடு, வேட்டியில் ஒன்று, சஃபாரி உடையில் ஒன்று, மைக்குக்கு முன்னால் கையை உயர்த்தியபடி ஒன்று எனத் தம் புகைப்படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். தொழில் நெறி கருதி அவற்றை வெளியிட இயலாது என்று பொறுமையாக விளக்கினேன். அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

தாராவியில் அவரை ‘முன்னிலை அண்ணாச்சி’ என்பார்கள். தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் எந்த விழாவின் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்தாலும், ‘தலைமை’ என்ற சொல்லுக்குக் கீழே ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ‘முன்னிலை’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் அண்ணாச்சி மாறாமல் கைகூப்பி நிற்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பை தைக்கும் பட்டறை வைத்தவர். பட்டறையை நடத்தியது அவருடைய மனைவி பாக்கியத்தக்கா. அண்ணாச்சிக்கு அதற்கு நேரம் இல்லை. பொங்கல் விழா, கணபதி மண்டல் ஊர்வலம், அம்மன் கொடை, காதுகுத்து, கிரிக்கெட் பரிசளிப்பு, பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளுக்குப் பாராட்டு, தேறாத பிள்ளைகளுக்கு ஆறுதல் கூட்டம் என்று வருடம் ஓடிவிடும். விழாவே இல்லாத நாள் என்றால், பெருமழையில் சாக்கடை பொங்கிச் சந்துக்குள் தண்ணீர் ஏறுகிற நாள்தான். அன்றைக்கு நிவாரணக் குழு.

ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நிர்வாகிகளுக்கென்று ஒரு ‘பார்ட்டி’ நடக்கும். அண்ணாச்சி குடித்ததெல்லாம் அங்கேதான். தாம் ஒருநாளும் குடிப்பதற்காகப் போனதில்லை, கூட்டத்துக்குத்தான் போனேன் என்பது அவருடைய வாதம். வாதத்தில் பிழை இல்லை. கூட்டம் தினமும் இருந்தது என்பதுதான் சிக்கல். அவருடைய கல்லீரல் எந்தக் குழுவிலும் அங்கம் வகிக்காத காரணத்தால் இந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது.

குடும்பம் பொறுத்துக்கொண்டது மகளின் நிச்சயதார்த்தம் வரைக்கும்தான். அன்று காலையில் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம். அண்ணாச்சி முன்னிலை. கூட்டத்துக்குப் பிறகு வழக்கமான பார்ட்டி. மாலையில் செம்பூரில் ஒரு சிறிய மண்டபத்தில் நிச்சயதார்த்தம். வெற்றிலை பாக்கு மாற்றியதும் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். மாப்பிள்ளையின் படிப்பு, பண்பு, பார்க்கும் உத்தியோகம், பெரியவர்களிடம் காட்டும் பணிவு எல்லாவற்றையும் உருக்கமாக எடுத்துரைத்தார். குரல் தழுதழுத்தது. முடிவில், அன்னாரின் நினைவாக அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பழக்கம் என்பது பொல்லாதது. மண்டபமே எழுந்து நின்றது. மாப்பிள்ளையும் எழுந்து தலைகுனிந்து நின்றார் என்பதைக் கொண்டே அவர் எப்பேர்ப்பட்ட நல்ல பையன் என்று புரிந்துகொள்ளலாம். மௌனம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான், அது யாருக்காக என்பது மாப்பிள்ளையின் தாயாருக்கு உறைத்தது.

அடுத்த நாளே பாக்கியத்தக்கா அவரைச் செம்பூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். அக்கா அழவில்லை. திட்டவும் இல்லை. பட்டறையில் ஆர்டர் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்:

“தை மாசம் கல்யாணம். மாப்ள வீட்டுல பெரிய மனசு பண்ணிச் சரின்னுட்டாங்க. இவரு தெளிஞ்சு வந்தா மேடையில நின்னு மகளத் தாரை வாத்துக் குடுக்கட்டும். இல்லன்னா எந் தம்பி குடுப்பான். இவரு மண்டபத்து வாசல்லகூட நிக்க வேண்டாம்.”

அண்ணாச்சி என்னை ஏறிட்டுப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். பேசுவதற்குக் குறிப்பு ஏதும் இல்லை.

எங்கள் மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் உடம்பைத் தெளியவைத்த ஆண்களைக் கர்ஜத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் தங்கவைத்து, மலையேற்றம், கயிற்றைப் பிடித்துப் பாறையிலிருந்து இறங்குதல், ஓடையைத் தாண்டுதல், காட்டில் ஒரு பகல் தனித்திருத்தல் என்று பயிற்சிகள் கொடுப்போம். மனத்தால் முடியாது என்று நினைத்ததை உடம்பு செய்து காட்டும்போது, மனம் தன்னைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. இந்தக் கொள்கையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. இதை வகுத்தவர்கள் அண்ணாச்சியைச் சந்தித்ததில்லை என்பது ஒன்றுதான் குறை.

பயிற்சிகளை நடத்துபவர் சாவந்த் சார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சைத் தண்ணீர்ப் பஞ்ச காலத்துத் தண்ணீரைப்போல் செலவழிப்பவர். முதல் நாள் மரத்தடியில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, பெயரையும் ஊரையும் சொன்னால் போதும் என்றார். மான்குர்த்தில் ஆட்டோ ஓட்டும் பீட்டர், தூத்துக்குடிக்காரர், ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் அண்ணாச்சி.

அண்ணாச்சி எழுந்தார். மையம் கொடுத்த டிராக் பேண்டில் மடித்துக்கட்ட ஒன்றுமில்லை என்பதால் பனியன் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இந்த இனிய காலை வேளையிலே, என்று ஆரம்பித்தார். மலைச் சிங்கம் சாவந்த் அவர்களே, படித்த பண்பாளர் ஆலோசகர் தம்பி அவர்களே, அறுசுவை அரசர் சமையல்காரர் அவர்களே, ஆங்காங்கே திரளாகக் கூடியிருக்கும் மரங்களே, என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டே போனார். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இடைவெளி வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். அவர் இடைவெளி விடுகிற விதம் அப்படி.

இவ்வளவு நேரம் என்னதான் சொல்கிறார் என்று சாவந்த் சார் பீட்டரிடம் கேட்டார்.

“நமஸ்தே போல் ரஹா ஹை, சார்” என்றார் பீட்டர். இன்னும் வணக்கம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பாறை இறக்கம் அடுத்த வாரம். செங்குத்தான கரும்பாறை. உச்சியில் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் மாட்டி, கயிற்றைக் கொக்கியில் கோத்து, விளிம்புக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் சாய வேண்டும். சாய்ந்துவிட்டால் போதும், மற்றதைக் கயிறு பார்த்துக்கொள்ளும். சாய்வதுதான் கஷ்டம். முரட்டு ஆசாமிகள் அங்கே நின்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பீட்டரும் மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். அண்ணாச்சி விளிம்பில் நின்றார். நின்றவர், தம்மை யாரும் அறிமுகப்படுத்தவில்லையே என்றார்.

“கீழ உள்ளவங்களுக்கு யாரு வாரான்னு தெரியணும்லா தம்பி. சொல்லாம கொள்ளாம எப்படி எறங்க?”

நான் விளிம்புக்கு வந்து, முன்னிலை அண்ணாச்சி அவர்கள் இப்போது இறங்குவார்கள் என்று கீழே பார்த்துக் கத்தினேன். கீழேயிருந்து கைதட்டல் வந்தது. அதுதான் தவறாகப் போயிற்று. கைதட்டலைக் கேட்டதும் அண்ணாச்சி ஏற்புரையைத் தொடங்கிவிட்டார். எனக்கு முன்னே இறங்கிச் சென்றுவிட்ட பெரியோர்களே, எனக்குப் பின்னே இறங்கவிருக்கும் இளைஞர்களே, என்றார். நான் கயிற்றின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் இறங்கவேண்டிய உல்லாஸ்நகர் துணிக்கடைக்காரர், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர், அந்தக் குரலின் சோகத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தமது இடுப்புப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

அண்ணாச்சி பயந்துபோயிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்வரை சாய வேண்டியதில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்திருந்த சாவந்த் சாரின் மீசை துடிக்கத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டிலே இப்படிப்பட்டவர்களை எப்படி நிறுத்துவீர்கள் என்று என்னிடம் கேட்டார். துண்டுச் சீட்டு கொடுப்பார்கள் என்றேன்.

சாவந்த் சார் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, மறு கையால் பையிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார். நான் அதை மடித்து, மேடையில் செய்வதுபோல் சற்றே குனிந்து, ஓசைப்படாமல் நடந்துபோய் அண்ணாச்சியின் கையில் வைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய அவசியமே இல்லை. மேடையேறிய தமிழன் எவனுக்கும் துண்டுச் சீட்டில் என்ன இருக்கும் என்று தெரியும். அண்ணாச்சி அதை விரித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சிறு வருத்தம். நேரத்தின் அருமை கருதி என் உரையை இத்துடன் நிறைவு செய்து அமர்கிறேன், என்று சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பின்னால் உட்காரப் போனார்.

பின்னால் நாற்காலி இல்லை. சஹ்யாத்ரி மலைத்தொடர்தான் இருந்தது.

அவருடைய அலறல் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. குலதெய்வத்தில் தொடங்கி, பக்கத்து ஊர்த் தெய்வங்கள் வழியாக, மாட்டுங்கா கோயில் தெய்வங்கள்வரை அனைவரையும் வரவேற்றுக்கொண்டே அவர் இறங்கினார். கீழே கால் பட்டதும் பாறையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, முதுகுப் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து அந்தப் பாறைக்குப் போர்த்தினார். ஏன் என்று பீட்டர் கேட்டதற்கு, இவ்வளவு நேரம் நம்மைத் தாங்கியிருக்கிறதே, ஒரு மரியாதை வேண்டாமா என்றார். ஒரு பை நிறையப் பொன்னாடைகளோடு சிகிச்சைக்கு வந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதன் பிறகு மையத்தில் யாரும் வெறும் ஆளாக இல்லை. மலையேற்றக் குழு, ஓடை தாண்டும் குழு, பாத்திரம் கழுவும் குழு என்று அண்ணாச்சி பல அமைப்புகளை உருவாக்கினார். உல்லாஸ்நகர் துணிக்கடைக்காரர் கயிறு பராமரிப்புக் குழுவின் துணைத்தலைவர் ஆனார். மறுநாள் அவரே முதல் ஆளாகப் பாறை இறங்கினார்; பதவி வந்துவிட்டதல்லவா. பீட்டர் அனைத்துக் குழுக்களுக்கும் மொழிபெயர்ப்புச் செயலாளர். யாரையும் அதட்டாமலேயே காலையில் எல்லாரும் எழுந்து வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சாவந்த் சார் குழம்பிப்போனார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது விளைவுகளைப் பற்றி யோசிப்பவன் நான். நண்பர்கள் என்னை எங்கும் அழைக்காததற்கு அதுவே காரணம். இந்த மனிதர் குடித்ததே கூட்டங்களுக்குப் போய்த்தானே. இங்கேயும் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தால், தை மாதம் மகளின் கல்யாணம் என்ற பெருங்கூட்டத்தில் என்ன ஆகும்? ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைத் தனியே உட்காரவைத்து, முதல் வாய் குடிக்கத் தோன்றுவது சரியாக எந்த நேரத்தில் என்று கேட்டேன்.

அண்ணாச்சி வழக்கத்துக்கு மாறாக, யாரையும் விளிக்காமல் பேசினார்.

“நன்றியுரை முடிஞ்ச ஒடனே தம்பி. அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாது. வரவேற்புரை, வாழ்த்துரை, பரிசு, எல்லாம் சொகமா இருக்கும். நன்றின்னு சொல்லி மைக்க ஆஃப் பண்ணுவான் பாருங்க, அப்ப நாற்காலிய மடக்கி அடுக்க ஆரம்பிப்பானுவ. டக்கு டக்குன்னு ஒரு சத்தம். அதுக்கு மேல நான் யாரு? அந்த எடத்துல யாராவது ஒரு கிளாஸ நீட்டினான்னு வைங்க, விசம்னாலும் வாங்கிக்கிடுவேன்.”

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். பாடப்புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. அண்ணாச்சி சொன்னது அதைவிடத் தெளிவாக இருந்தது.

தனித்திருக்கும் நாள் வந்தது. பேச்சுத் துணை இல்லை, கைபேசி இல்லை; தண்ணீர், அவல், தொப்பி மட்டும். காலை முதல் மாலைவரை குன்றின் மேல் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணாச்சி அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பாரா என்று பீட்டர் கவலைப்பட்டார். பாதுகாப்புக்காக எதிர்ச் சரிவில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு.

நான் பார்த்தபோது அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே பாறைகளில் கருமுகக் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கை அசைவிலிருந்து வரவேற்புரை என்று தெரிந்துகொண்டேன். அவையும் கேட்டன என்றுதான் சொல்ல வேண்டும்; சில பேன் பார்த்தன, சில தூங்கின, வழக்கமான சபைதான். நடுவில் ஒரு கிழட்டு ஆண் குரங்கு எழுந்துவந்து, அவருடைய பையைத் திறந்து, அவர் ஒளித்துக் கொண்டுபோயிருந்த பொன்னாடை ஒன்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டது. அண்ணாச்சி முதலில் பிடுங்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டடி பின்வாங்கி அதற்குக் கைகூப்பினார். அன்றைய தலைமை முடிவாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் குரங்குகள் கலைந்து போய்விட்டன. குன்றில் அண்ணாச்சி மட்டும். எழுந்தார், வாயைத் திறந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எனக்குக் கலவரமாகிவிட்டது. ஆனால் போய்ப் பேசினால் பயிற்சி கெட்டுவிடும். வெயில் சாயும்வரை அவர் அப்படியே அசையாமல் இருந்தார். சாவந்த் சாரும் நானும் மேலே ஏறிப்போனபோது, அவர் முகம் நடுக்கடலில் கரையைப் பார்த்தவன் முகம்போல் இருந்தது.

“தம்பி, எல்லாம் பேசிட்டேன். நன்றியுரை மட்டும் சொல்லல.”

ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா கூட்டம் முடிஞ்சிரும்லா. சொல்லலன்னா முடியல. நடந்துக்கிட்டிருக்க கூட்டத்துக்கு நடுவுல எவனாவது பார்ட்டி வைப்பானா? நாப்பது வருசமா நாம கட்டிக் காத்த மொறை. ஒத்திவச்சிருக்கேன்.”

அன்றிலிருந்து அண்ணாச்சி எந்தக் கூட்டத்தையும் முடிக்கவில்லை. காலையில் தொடங்குவார், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒத்திவைப்பார், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நாங்கள் ஊழியர்கள் கூடி இதைப் பற்றி விவாதித்தோம். இது உண்மையான மாற்றமா, தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதா, இந்தத் தந்திரம் வெளியே போனால் நிலைக்குமா என்று நான் நியாயமான கேள்விகளாகவே அடுக்கினேன். சாவந்த் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முடிச்சு அவிழவில்லையே, பிறகென்ன என்று மராத்தியில் ஒரே வரியில் கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

தை மாதம் தாராவியில் கல்யாணம். சாவந்த் சார், பீட்டர், நான் மூவரும் போயிருந்தோம். பாக்கியத்தக்கா அண்ணாச்சியை மேடையேற அனுமதித்துவிட்டார், ஒரே நிபந்தனையோடு: மைக் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கக்கூடக் கூடாது. மைக் செட்காரரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. அண்ணாச்சி செம்பைப் பிடித்து, மகளின் கைமேல் நீரை ஊற்றினார். பாக்கியத்தக்கா மகளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. செம்பைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தியது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மாப்பிள்ளையின் சித்தப்பா நல்ல மனிதராக இருந்ததுதான் வினையாயிற்று. பழையதையெல்லாம் மறந்துவிட்டோம் என்று ஊருக்குக் காட்ட நினைத்து, முதல் பந்தி முடிந்ததும் அவரே மைக்கை வாங்கி, பெண்ணின் தகப்பனார் இப்போது நன்றியுரை ஆற்றுவார் என்று அறிவித்துவிட்டார்.

முன் அனுபவம் உள்ள சிலர், மௌனத்துக்குத் தயாராகப் பாதி எழுந்துவிட்டார்கள். மறுக்க முடியாது; மறுத்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமரியாதை. நன்றி சொல்லவும் முடியாது. சொன்னால் கூட்டம் முடிந்துவிடும். மண்டபத்தின் பின்வாசலில் பழைய நிர்வாகிகள் ஓர் ஆம்னி வண்டியின் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பதை வரும்போதே நான் பார்த்திருந்தேன்.

அண்ணாச்சி மைக்கை வாங்கினார். மாப்பிள்ளை வீட்டார் அவர்களே, என்றார். நிறுத்தினார். கையை எடுத்துக் கும்பிட்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக நிமிர்ந்து, கணீரென்ற குரலில் அறிவித்தார்:

“இந்தத் திருமணம் மறு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது.”

மாப்பிள்ளையின் தாயார் அப்படியே நாற்காலியில் சரிந்தார். பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு பாதி வழியில் நின்றான். தவில்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று கெட்டிமேளம் கொட்டினார். மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மாமனாரை அவர் ஓரளவு புரிந்துகொண்டிருந்தார் போலும்.

பாக்கியத்தக்கா வந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒத்தியும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. தாலி கட்டியாச்சு. சாப்பிடாதவங்க ரெண்டாம் பந்தியில உக்காருங்க. வந்தவங்க எல்லாருக்கும் நன்றி.”

மண்டபம் கைதட்டித் தீர்த்தது. மாப்பிள்ளையின் தாயாருக்குச் சோடா கொடுத்தார்கள். இரண்டாம் பந்தியும் எழுந்தது. அடுத்த வாடகைக்குப் போகவேண்டிய அவசரத்தில் பந்தல்காரர்கள் பின் வரிசை நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். டக்கு, டக்கு என்று அந்தச் சத்தம்.

அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கண் மட்டும் பின்வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது.

“தம்பி, ஒரு பாயிண்ட். அவ நன்றி சொல்லிட்டாளே. அப்ப கூட்டம் முடிஞ்சிட்டா?”

இப்படிப்பட்ட தருணத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். மூச்சை இழுத்துவிடச் சொல்லலாம். ஆசை ஓர் அலைபோல, எழுந்து தானே அடங்கும் என்று விளக்கலாம். ஒவ்வொன்றின் விளைவையும் மனதுக்குள் எடைபோட்டுப் பார்த்தேன். பிறகு, எனக்குப் பட்டமளித்த பல்கலைக்கழகத்தின் கௌரவம் முழுவதையும் குரலில் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

“முடியல அண்ணாச்சி. நிகழ்ச்சி நிரல்ல அக்கா பேர் இல்ல. நிரல்ல பேர் இல்லாதவங்க சொன்ன நன்றி செல்லாது.”

“நான் வழிமொழியிதேன்” என்றார் பீட்டர்.

என்ன நடக்கிறது என்று சாவந்த் சார் கேட்டார். கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்று ஓட்டெடுப்பு நடக்கிறது என்று பீட்டர் இந்தியில் விளக்கினார். சாவந்த் சார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ராணுவத்தில் எதிரியைச் சுட்டிக்காட்டுவதுபோல் கையை உயரத் தூக்கினார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அண்ணாச்சியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம். ஆம்னியைச் சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஒருவர் கிளாஸையும் எடுத்துவிட்டார்.

“ஏல, கூட்டம் நடக்குது. டிக்கிய மூடுங்கலே.”

அவர்களும் வாழ்நாள் முழுக்கக் குழுக்களில் இருந்தவர்கள். நடந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவே பார்ட்டி கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். இன்னுமா முடியவில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். அவ்வளவுதான். டிக்கி மூடப்பட்டது. பழைய நிர்வாகிகள் வரிசையாக உள்ளே வந்து, மடக்கிய நாற்காலிகளை மறுபடி விரித்து உட்கார்ந்தார்கள். பந்தல்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டம் இன்றுவரை முடியவில்லை. இதைக் குணமடைதல் என்று சொல்லலாமா என்று யாராவது மாநாட்டில் என்னைக் கேட்டால் பதில் சொல்லத் திணறுவேன். நாளைக்கு என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் யாரும் யாருக்கும் உறுதி தர முடியாது, நானும் தரமாட்டேன். அண்ணாச்சி இப்போது பட்டறையில் உட்காருகிறார். தைக்கும் ஆட்களுக்குப் பதவிகள் கொடுத்திருக்கிறார் என்று பாக்கியத்தக்கா புகார் சொல்கிறார். புகாரில் சூடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அவருக்குக் கடினம். தாராவியில் கூட்டங்கள் முடிகிற நேரம் அது. அப்போது எனக்குப் போன் செய்வார். அன்றைக்கு எங்கே விழா, யார் வந்தார்கள், யார் பேசியது எடுபடவில்லை என்று சொல்லிக்கொண்டே போவார். உள்ளேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிடும்வரை விடமாட்டார். ஞாயிறு மாலைகளில் எனக்கு வேறு வேலை இருப்பதாக நான் பலமுறை அவரிடம் குறைபட்டிருக்கிறேன். அழைப்பு வரத் தாமதமாகும் ஞாயிறுகளில், அம்மாவின் கைபேசியை வாங்கி என் எண்ணுக்கு நானே அடித்து, அது ஒலிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.